1200 தேயிலை மரமும் அம்மாவின் பேரும்

கேள்வி: வணக்கம் சேர். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 26 வயது, ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு வேலை. அம்மாவுக்கு 53 வயது. 31 வருசமாகக் கொழுந்து எடுக்கிறார். அப்பா தோட்ட வேலையை விட்டு ஒன்பது வருசம் ஆகிறது, டவுனில் மேசன் வேலை செய்கிறார். இப்போது எங்கள் டிவிசனில் குடும்பத்துக்கு 1200 தேயிலை மரம் பிரித்துத் தரப் போகிறார்களாம். நாங்களே பராமரித்து, கொழுந்தைத் தோட்டத்து பெக்டரிக்கே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 110 ரூபா. உரமும் மருந்தும் தோட்டம் தரும், அதன் காசைக் கொழுந்துப் பணத்தில் கழித்துக்கொள்ளும். ஒப்பந்தம் ஒரு வருசம். அது போக வாரத்தில் மூன்று நாள் பேர் போட வேலை (செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதியும் நாட்சம்பள வேலை) தருவதாகத் தோட்ட முகாமையாளர் துரை வாயால் சொல்லியிருக்கிறார். நாளைக்கு 18 கிலோ எடுத்தால் 1980 ரூபா, சம்பளத்தைவிட அதிகம்தானே என்று அப்பா சொல்கிறார். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் அப்பாதான் கையெழுத்துப் போடப் போகிறார். அம்மா ஒன்றும் பேசுவதில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், "நல்ல திட்டம், சீக்கிரம் போடுங்க" என்கிறார். கொழும்பில் இருக்கும் தம்பி, அம்மா வேலையை விட்டால் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு வரும், த்ரீவீலர் எடுக்கலாம் என்கிறான். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இருநூறு வருசமாக எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லை. இது நியாயமான பங்குதானா சேர்? கையெழுத்துப் போடலாமா?

— ஒரு மகள், தலவாக்கலை

பதில்: அன்புள்ள தங்கச்சி,

இந்தப் படிவத்தில், அப்பாவின் பேரில், இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டாம். திட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மரம் பிரித்துக் கொடுக்கும் முறை ஒழுங்காக எழுதப்பட்டால் உங்களுக்கு நல்லதாகவும் முடியலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிபந்தனைகளைப் பார்த்தால், வருமானத்தில் ஒரு சின்னப் பங்கு உங்களுக்கு வருகிறது, நட்டத்தில் பெரிய பங்கும் கூடவே வருகிறது, நிலத்தில் பங்கு எதுவும் இல்லை.

முதலில் அப்பாவின் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் கணக்கு வேலை செய்கிறவர், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 18 கிலோ, 110 ரூபா, 1980 ரூபா. பெருக்கல் சரிதான். ஆனால் அம்மா இப்போது தினமும் 18 கிலோ எடுப்பது தோட்டம் முழுக்க நிரை (மர வரிசை) மாறி மாறிப் போவதால். 1200 மரத்தில் ஒரு தடவை கொழுந்து எடுத்தால் மறுநாள் அதே மரத்தில் என்ன இருக்கும்? ஏழெட்டு நாள் போக வேண்டும் அடுத்த கொழுந்துக்கு. கை வேகமுள்ள ஒருவருக்கு 1200 மரம் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. அப்படியென்றால் மாதத்தில் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். நன்றாக நட்ட வீ.பி. (வெட்டுத்தண்டில் வளர்த்த கன்று) மலையில் ஹெக்டேயருக்கு 12,500 மரம் அளவில் இருக்கும். 1200 மரம் என்றால் ஹெக்டேயரில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, சுமார் 38 பேர்ச், கால் ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. ஹெக்டேயருக்கு வருசம் 1500 கிலோ தேயிலைத் தூள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பழைய விதைத் தேயிலை மலை என்றால், நடுவில் மரம் செத்த இடங்கள் இருந்தால், அதுவும் வராது. 1200 மரத்துக்கு 144 கிலோ தூள். ஒரு கிலோ தூளுக்கு நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வருசத்துக்கு 670 கிலோ கொழுந்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மாதம் 56 கிலோ. 110 ரூபாப்படி 6160 ரூபா. அதிலிருந்து உரக் காசு கழிய வேண்டும்.

பழைய 1350 ரூபா நாட்சம்பளத்தில் வைத்தால் 6160 என்பது நாலரை நாள் சம்பளம். அப்பா மனதில் வைத்திருப்பது 25 நாளுக்கு 49,500 ரூபா. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். வாக்குவாதமே தேவைப்படாது.

இப்போது வாரம் மூன்று நாள் பேர் என்ற வாக்குறுதி. அம்மா இன்று மாதம் 22 நாள் வேலைக்குப் போகிறார் என்று வைப்போம். 1350இன்படி 29,700 ரூபா. புது ஏற்பாட்டில் 13 நாள் பேர், 17,550 ரூபா. கொழுந்துக் காசு 6160ஐக் கூட்டினால் 23,710. உரக் காசு கழிப்பதற்கு முன்பே மாதம் ஆறாயிரம் ரூபா குறைகிறது. ஈ.பி.எப்.புக்கு அம்மாவிடமிருந்து 8 சதவீதம், தோட்டத்திடமிருந்து 12 சதவீதம், ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் 3 சதவீதம், எல்லாம் பேர் போட்ட நாளுக்குத்தான். கொழுந்துக் காசுக்கு இல்லை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1550 ஆக்கவும், அதற்கு மேல் வேலைக்கு வந்த நாளுக்கு 200 ரூபா அரசாங்கமே கொடுக்கவும் முன்மொழிந்தார்களே, அந்த 200 ரூபாவும் வருகைக் கணக்கோடு போகிற காசுதான். சொந்த மரத்தில் நிற்கும் நாளுக்கு அது எப்படி வரும்? சம்பளம் கூடக் கூட, பேர் குறைகிற நட்டமும் கூடிக்கொண்டே போகும்.

மீதி நாளில் அம்மா வெளியே மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகலாமே என்று யாராவது சொல்லக்கூடும். போகலாம். 53 வயதில், 31 வருசம் கொழுந்துச் சாக்கு சுமந்த கழுத்தோடு போக வேண்டுமா என்பதை அம்மாவிடம் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

கிலோவுக்கு 110 ரூபா என்ற விலைக்கு வருவோம். நீங்கள் கேட்ட 'நியாயமான பங்கு' என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. சிறு தேயிலைத் தோட்டக்காரர்கள் தனியார் பெக்டரிகளுக்குக் கொழுந்து கொடுக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கான விலைச் சூத்திரத்தில், தூள் விற்ற பணத்தில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு பெக்டரிக்கு. உதாரணத்துக்கு, தூள் கிலோ 1200 ரூபாவுக்குப் போகிறது என்று வையுங்கள். கொழுந்துக்காரரின் பங்கு 816 ரூபா. நூறு கிலோ கொழுந்தில் 21.5 கிலோ தூள் என்ற கணக்கில் பார்த்தால் பச்சைக் கொழுந்து கிலோவுக்கு 175 ரூபா வருகிறது. உங்களுக்கு 110.

அவசரப்பட்டு இந்த 65 ரூபா வித்தியாசத்தைக் கொள்ளை என்று சொல்லிவிடக் கூடாது. சிறு தோட்டக்காரர் நிலம் வைத்திருக்கிறார், உரத்தைத் தானே வாங்குகிறார், கொழுந்து எடுக்கும் கூலியையும் தானே கொடுக்கிறார். தோட்டம் உரத்தை இலவசமாகக் கொடுத்து, ரோட்டைப் பார்த்து, கவ்வாத்தும் (மரத்தின் கிளைகளை வெட்டிவிடுவது) தன் செலவில் பண்ணினால் 110 ரூபாவில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் உங்கள் படிவத்தில் உரக் காசையும் உங்களிடமே கழிக்கிறார்கள். அப்புறம் அந்த 65 ரூபா எதற்கு? இதைத்தான் தோட்டத்திடம் கேட்க வேண்டும். விலையை 110 என்று கல்லில் வெட்டாமல், மாதா மாதம் தூள் விற்ற விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு விகிதமாக எழுதச் சொல்லுங்கள்.

உரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கும். அந்த வருசம் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த வருசம் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. தடை நீங்கிய பிறகும் உர மூட்டை ஏழை எளியவர் தொட முடியாத விலைக்குப் போனது. அந்த நாட்களில் நாட்சம்பளக்காரரான உங்கள் அம்மாவுக்குப் பேர் குறைந்திருக்கலாம், ஆனால் உர மூட்டையின் விலை அவர் தலையில் விழவில்லை. கம்பனி தாங்கியது. இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அடுத்த தடவை அது உங்கள் வீட்டுக்கு வரும். மழை, வறட்சி, விலைச் சரிவு எல்லாமே அப்படித்தான்.

கவ்வாத்து விசயம் அதைவிடப் பெரியது. நாலைந்து வருசத்துக்கு ஒரு முறை மரத்தைக் கவ்வாத்து வெட்டினால் சில மாதங்களுக்குக் கொழுந்தே இராது. உங்களுக்குக் கிடைக்கும் 1200 மரமும் எந்த வருசம் கவ்வாத்துக்கு வருகிறது? அம்மாவுக்கு மலையைப் பார்த்தாலே தெரியும். ஒப்பந்தம் ஒரு வருசம். அந்த வருசத்திலேயே கவ்வாத்து வந்தால் உங்கள் வருமானம் பாதியாகிவிடும். அல்லது நீங்கள் கவ்வாத்து முடிந்த மரத்தை எடுத்து, இடைவெளியில் கன்று நட்டு, புல் வெட்டி, மரத்தை நல்ல நிலைக்குக் கொண்டுவந்த நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து, அடுத்த வருசம் வேறு குடும்பத்துக்குப் போனால்? நீங்கள் போட்ட உழைப்புக்கு ஈடு என்ன? ஒரு வருச ஒப்பந்தத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. குறைந்தது ஒரு கவ்வாத்திலிருந்து அடுத்த கவ்வாத்து வரை என்று கேளுங்கள்.

தராசையும் மறந்துவிடாதீர்கள். தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு என்று இரண்டு கிலோ, மூன்று கிலோ வெட்டுவது அம்மாவுக்குப் பழகிப்போன விசயம். நாட்சம்பளத்தில் அது நோர்மைத்தான், அதாவது ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோ அளவைத்தான் பாதிக்கும். கிலோக் கணக்கில் வாழப் போகும்போது அந்த இரண்டு கிலோ 220 ரூபா, நேராகக் கையிலிருந்து போகிற காசு. எத்தனை சதவீதக் கழிவு என்று எழுத்தில் வேண்டும், நிறுத்தவுடன் சீட்டும் வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். என் தொழில் இதுதான் என்பதால் இங்கேதான் எனக்குப் பயம் அதிகம்.

அம்மாவின் 31 வருசச் சேவைக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ், வேலையை விடும்போது தோட்டம் தர வேண்டிய ஒரு தொகை சேர்ந்து நிற்கிறது. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருசச் சேவைக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அளவில். பழைய 1350இலேயே பார்த்தால் வருசத்துக்கு 18,900. 31 வருசத்துக்கு 5,85,900 ரூபா. நாட்சம்பளம் ஏறினால் இந்த 31 வருசத்துக்கும் சேர்த்தே ஏறும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் தாமதத்தின் அளவைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் வரை கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அம்மா பெரட்டுக்களத்தில் (வேலை பிரித்துத் தரும் இடம்) விடிகாலையில் நின்று நின்று சேர்த்த சொத்து இது. படிவத்தில் எங்கேயாவது, 'இன்று முதல் தோட்டத்துடனான தொழில் தொடர்பு முடிகிறது' என்றோ, 'சுயவிருப்பில் விலகுகிறேன்' என்றோ, 'சுயாதீன உற்பத்தியாளர்' என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பணிக்கொடைப் பணம் எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள். இல்லையென்றால், சேவை தொடர்கிறது, பழைய 31 வருசமும் அப்படியே நிற்கிறது என்று தோட்டத்தின் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்குவதுதான் ஆபத்து. ஐந்து வருசம் கழித்து, 'அவங்க அப்பவே வேலையை விட்டுட்டாங்களே' என்று யாராவது சொல்வார்கள், செக்ரோலைப் பார்த்தால் வாரம் மூன்று நாளாக இருந்த பேர் இரண்டு நாளாகி, ஒரு நாளாகியிருக்கும்.

ஒப்பந்தத்தில் என்ன பேர் வைத்தாலும், வேலை உண்மையில் எப்படி நடந்தது, யார் மேற்பார்வை பார்த்தார், விலையை யார் வைத்தார், வேறு இடத்தில் விற்க முடிந்ததா என்றெல்லாம் தொழில் வழக்குகளில் பார்ப்பார்கள். அது உங்களுக்கு ஒரு பலம். ஆனால் வழக்கு என்றால் வருசக்கணக்கு. கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்கும் ஒரு வரி அதைவிட மலிவு.

இன்னொன்று, குளவி. கொழுந்து எடுக்கப் போனவருக்குக் குளவி கொட்டினால், அவர் அன்று பேர் போட்ட தொழிலாளி என்றால், வேலை நேரத்தில் நேர்ந்த காயம். தோட்டத்துக்குப் பொறுப்பு உண்டு. அதே மலையில், அதே நிரையில், அன்று 'சொந்த' மரத்தில் நின்றார் என்றால்? யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, யார் நாட்கூலி கொடுப்பது? படிவத்தில் எழுத வேண்டிய விசயம் இது. தீபாவளி முற்பணம், இளம் பெண்களுக்குப் பிரசவ காலச் சம்பளம் எல்லாமே பேரோடு ஒட்டியவை. உங்கள் டிவிசனில் கல்யாணமாகி வந்திருக்கும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. காணி தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்மவர்களுக்கு மனம் இளகிவிடும், அதற்குக் காரணம் உண்டு. 1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. நிலத்தைப் பங்கிட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் அந்த மலைகளில் உழைத்தவர்களில் பெரும்பாலானவர்களிடம் 1948க்குப் பிறகு குடியுரிமையே இருக்கவில்லை, பங்கு கேட்கும் வரிசையில் நிற்கவே முடியவில்லை. பல இடங்களில் பங்கீடு என்ற பேரில் வேலையும் லயமும் (தோட்டத்து வரிசை வீடு) போய், வன்னிப் பக்கம் நடந்தார்கள். 1977 மே மாதம், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக் காணியில் 7000 ஏக்கரை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கப் போனதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். தலவாக்கலைக்காரருக்கு இந்தப் பெயரை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே நிலத்தைப் பிரித்துக் கொடுப்பது என்றாலே நீதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. யாருக்கு, எந்தப் பத்திரத்தில், எத்தனை காலத்துக்கு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் தோட்டக் கம்பனி அந்த மலைக்குச் சொந்தக்காரர் இல்லை. 1992இல் தனியார்மயமானபோது கம்பனிகளுக்குக் கிடைத்தது குத்தகை, அது 2045இல் முடிகிறது. நிலம் அரசாங்கத்துடையது. குத்தகைக்காரர் உங்களுக்குக் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதித் தர முடியாது. மரத்தைப் பயன்படுத்த அனுமதிதான் தர முடியும். சிறு தேயிலைத் தோட்டக்காரராகப் பதிவு செய்து மானியமோ உரச் சலுகையோ கேட்கப் போனால், முதலில் கேட்பது காணிக்கான ஆவணத்தை. உங்கள் கையில் இருக்கப் போவது ஒரு வருச ஒப்பந்தம். இலங்கைத் தேயிலையில் முக்கால் பங்கு அளவுக்குச் சிறு தோட்டங்களில் இருந்துதான் வருகிறது, அதில் பெரும்பகுதி காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். அங்கே ஒரு குடும்பம் அரை ஏக்கர் தேயிலையை அடகு வைக்கலாம், விற்கலாம், மகளுக்குச் சீதனமாக எழுதலாம். உங்கள் 38 பேர்ச்சில் இதில் எதுவும் முடியாது.

என் அபிப்பிராயம் கேட்டால், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உண்மையான சிறு தோட்டக்காரர்களாக மாறுவதை நான் வரவேற்கிறேன். கம்பனிகள் பக்கத்திலும் நெருக்கடி இருக்கிறது. கொழுந்து எடுக்க ஆள் இல்லை, இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போகிறது, பல மலைகளில் மரம் கிழடாகிவிட்டது. நேரம் நம் கையில் இருப்பது நல்லது என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் மாற வேண்டுமானால் அரசாங்கம் நடுவில் வர வேண்டும், நீண்ட காலக் குத்தகையோ உறுதியோ நேராகக் குடும்பத்தின் பேரில் வர வேண்டும், மரமும் ஆயிரத்துச் சொச்சமாக இல்லாமல் ஒரு குடும்பம் சாப்பிடுகிற அளவு இருக்க வேண்டும். வீட்டுக் காணிக்கு 7 பேர்ச், 10 பேர்ச் என்று அரசாங்கங்கள் பத்திரத்தோடு பேசத் தொடங்கிவிட்டன. தேயிலைக் காணிக்கும் அதே பேச்சு வரட்டும். அதுவரை, இந்த மரத் திட்டத்தில் சேர்வதாலோ சேராததாலோ வீட்டுக் காணிப் பட்டியலில் உங்கள் இடம் மாறாது என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்ததுதான் எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் உறுத்தியது. கையெழுத்து அப்பாவுடையது.

உங்கள் குடும்பத்துக்கு 1200 மரம் ஏன் கிடைக்கிறது? அம்மாவின் பேர் செக்ரோலில் இருப்பதால். அப்பா ஒன்பது வருசமாகத் தோட்டத்துத் தொழிலாளி இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டால் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தக்காரர் அப்பா. அந்த 1200 மரத்தில் கொழுந்து எடுக்கப் போவது யார்? அம்மா. அந்த நாட்களில் அம்மா தோட்டத்துத் தொழிலாளியும் இல்லை, ஒப்பந்தக்காரரும் இல்லை, வீட்டுக்காரருக்கு உதவி பண்ணுகிறவர். சம்பளம் இல்லை, ஈ.பி.எப். இல்லை, பங்கும் இல்லை. காசு அப்பாவின் கணக்குக்குப் போகும். நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆனாலோ, குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வந்தாலோ, அம்மாவுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு தாளும் இருக்காது.

இந்த நாட்டுத் தோட்டங்களில் 1984 வரைக்கும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம். அதன் பிறகு சம்பளம் சமமாயிற்று, ஆனால் அம்மாமாரின் சம்பளத்தை அப்பாமார் போய் எண்ணி வாங்கிய வழக்கம் பல லயங்களில் ரொம்ப நாள் தொடர்ந்தது. 'குடும்பத் தலைவர்' என்று படிவத்தில் ஓர் இடம் வைத்தால் அந்தப் பழக்கம் திரும்ப உள்ளே வந்துவிடும். படிவத்தை அச்சடித்தவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார், அது வேறு விசயம். அந்த இடத்தை வெட்டி, 'ஒப்பந்தக்காரர்' என்று போட்டு, அம்மாவின் பேரை எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் அம்மா, அப்பா இருவர் பேரும், இரண்டு கையெழுத்தும். காசு போகும் வங்கிக் கணக்கு அம்மாவுடையதாக இருக்கட்டும்.

இதை வைத்து வீட்டில் சண்டை போட வேண்டாம். அப்பா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, 1980 ரூபா என்ற எண் அவரை மயக்கியிருக்கிறது. 'அம்மா பேரில் போட்டால்தான் 31 வருசச் சேவைக் காசுக்குப் பாதுகாப்பு' என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. மேசன் வேலைக்காரருக்கு அத்திவாரம் இல்லாமல் சுவர் நிற்காது என்று தெரியும். அம்மா ஒன்றும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் இருக்கும்போது கேட்டால் பேச மாட்டார். அடுப்படியில் தனியாக இருக்கும்போது, 'அந்த மலையில் என்ன வரும்?' என்று மட்டும் கேளுங்கள். எந்த நிரை நல்லது, எது கல்லு மலை, எதில் மரம் செத்துக் கிடக்கிறது, எல்லாம் வரும். என்னுடைய மேற்படிக் கணக்கைவிட அம்மாவின் கணக்குச் சரியாக இருக்கும். நான் ஹெக்டேயரில் பேசுகிறேன், அவர் அந்த மரங்களைத் தொட்டுப் பார்த்தவர்.

தனியாகத் துரையிடம் போக வேண்டாம். உங்கள் டிவிசனில் பத்துப் பதினைந்து குடும்பமாவது சேர்ந்து, இதே கேள்விகளை எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு, ஒரு பிரதியில் ஒபீசில் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்ப் பிரதி இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. தோட்டத் தலைவர் நல்ல திட்டம் என்கிறாரே, அவரையே கூட்டிக்கொண்டு போய் இந்தக் கணக்கைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் வையுங்கள். மாதா மாதம் சந்தா பிடிக்கிறார்கள், ஒரு படிவத்தை வாசித்துச் சொல்வது அவர்கள் வேலை. கையெழுத்துப் போடாவிட்டால் பேர் தர மாட்டோம், லயத்தை விடு என்று யாராவது மிரட்டினால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் லயத்திலிருந்து யாரையும் தூக்கி வெளியே போட முடியாது.

கடைசியாகத் தம்பியின் த்ரீவீலர். பெண்களுக்கு 50 வயதுக்குப் பிறகு வேலையை விட்டால் ஈ.பி.எப். எடுக்கலாம், அது சரி. ஆனால் 2021ஆம் ஆண்டின் சட்டப்படி அம்மாவின் வயதுக்காரர் 60 வரை வேலை செய்யலாம். இன்னும் ஏழு வருசம், அதாவது பழைய சம்பளத்திலேயே பார்த்தாலும் பணிக்கொடையில் 1,32,300 ரூபா கூடச் சேரும், ஏழு வருச ஈ.பி.எப். வேறு. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, அவரே விடப் போகிறேன் என்றால் விடட்டும், அப்போதும் காசு அவர் பேரில் வங்கியில் இருக்கட்டும். தம்பிக்கு லீசிங்கில் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், அம்மாவின் ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கத்தை எடுத்துக்கொண்டு போய், 31 வருசக் காசும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று தொழில் அலுவலகத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். விடுபட்ட மாதங்கள் இருந்தால் அம்மா வேலையில் இருக்கும்போதே கேட்பது சுலபம். சம்பளச் சீட்டுகள் பழையது எது கிடைத்தாலும் எறிய வேண்டாம்.